புத்தகத்தில் இருக்கிற பெயரும் முன்னால் நிற்கிற ஆளும்

விசுவமடுவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிளிநொச்சியில் ஒரு சுசுகி வேகன் ஆர் கார் விலைக்கு வந்திருக்கிறது. 2014 தயாரிப்பு, 2015 பதிவு. "முதல் ஓனர், 62,000 கிலோமீற்றர்தான் ஓடினது, ஓபன் பேப்பர், ஒரு பிரச்சினையும் இல்லை" என்கிறார் புரோக்கர். வாகனக்காரர் கிளிநொச்சியில் கடை வைத்திருப்பவர், மனைவியின் ஊர் யாழ்ப்பாணம். தம்பிக்கு இது அம்மாவை மாதாமாதம் யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் வர. கனடாவில் இருக்கும் மச்சான், அங்கே வாகனத்தின் இலக்கத்தைக் கொடுத்தால் அடிபட்டது, கைமாறினது, ஓடினது எல்லாம் ஒரே அறிக்கையில் வரும் என்று சொல்லியிருக்கிறார். இங்கே அப்படி ஒன்று உண்டா என்று தம்பி கேட்கிறார். புரோக்கர் சொன்னதில் எதை நம்பலாம், நம்ப முடியாததை எப்படிச் சோதிக்கலாம் என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் 2011 முதல் கிளிநொச்சியில் கராச் நடத்துகிறேன். அதற்கு முன்னர் வவுனியாவில் இன்னொருவரின் கராச்சில் 11 வருடம் வேலை. வாங்க முதல் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ என்று மாதத்தில் நாலைந்து பேராவது வாகனத்தோடு வருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சட்ட விஷயத்தில் எனக்குத் தெரிந்தது வாசலில் நின்று பார்த்த அளவுதான். பணம் பெரிதென்றால் ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

நேரான பதில்: மச்சான் சொன்ன மாதிரி ஒரே அறிக்கை இங்கே இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் ஒரு பகுதி இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பனியிடம் ஒரு பகுதி, லீசிங் கம்பனியிடம் ஒரு பகுதி, யப்பானில் ஒரு பகுதி, மிச்சம் வாகனத்தின் உடம்பிலேயே இருக்கிறது. இவற்றில் உறுதியாக நம்பக்கூடியது முதலாவது மட்டும்தான், அதிலும் அடிபட்டது, வெள்ளத்தில் நின்றது எல்லாம் வராது. யாருடைய வாகனம், அதில் யாருக்குக் கடன் உரிமை, வாகனத்தின் உடம்பில் பொறித்திருக்கிற செஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், தயாரித்த வருடம், இவ்வளவும்தான் வரும். ஆனால் வன்னியில் நான் பார்த்த பெரிய நட்டங்கள் எல்லாம் இந்த இவ்வளவுக்குள்ளேயேதான் நடந்தன. எஞ்சின் பிழை என்று வாகனத்தை இழந்தவரை நான் காணவில்லை, காசு கொடுத்துத் திருத்திக்கொண்டார்கள். புத்தகம், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழ், பிழை என்று வாகனத்தையே இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

தம்பி, "முதல் ஓனர்" என்பதும் "ஓபன் பேப்பர்" என்பதும் ஒரே வாகனத்துக்குச் சேர்ந்து வரும் பேச்சு இல்லை. முதல் ஓனரே விற்கிறார் என்றால் அவர் பெயர் புத்தகத்தில் இருக்கும், உங்கள் முன்னால் இருந்து கையெழுத்து வைப்பார், ஓபன் பேப்பருக்குத் தேவையே இல்லை. புத்தகத்தில் பெயர் உள்ளவர் எப்போதோ மாற்றல் படிவங்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், வாங்கினவர் தன் பெயருக்கு மாற்றாமல் ஓடினார், இப்போது அதே படிவத்தோடு விற்கிறார், இதுதான் ஓபன் பேப்பர். அப்படியென்றால் குறைந்தது இரண்டு கை மாறியிருக்கிறது. நடுவில் இன்னும் எத்தனை பேர் என்று அந்தப் படிவம் சொல்லாது, திகதிக் கட்டம் வெறுமையாகத்தான் கிடக்கும். கிளிநொச்சிக் கடைக்காரர் புத்தகத்தில் இருக்கிறவரா என்பதை முதலில் கேளுங்கள். புத்தகத்தின் பிரதியையும் அவருடைய அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

பெயர் மாற்ற, விற்கிறவர் நிரப்புவது எம்.ரி.ஏ. 6 படிவம், வாங்குகிறவர் நிரப்புவது எம்.ரி.ஏ. 8 படிவம். கைமாறி 14 நாட்களுக்குள் இரண்டும் திணைக்களத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். போகவில்லை என்றால் நீங்கள் எவ்வளவு காசு கொடுத்தாலும் பதிவேட்டின்படி அது இன்னும் அடுத்தவரின் வாகனம். இன்சூரன்ஸ் அவர் பெயரில் இருந்தால் அடிபட்ட அன்றைக்கு நட்டஈட்டுக்கு அவரைத்தான் தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த "அவர்" அநேகமாக வெளிநாட்டில் இருப்பார். கையெழுத்து ஒத்துவரவில்லை, புதிதாக ஒன்று வாங்கி வா என்று திணைக்களம் திருப்பி அனுப்பினால் பிரான்சில் இருக்கிற ஒருவரை எங்கே போய்ப் பிடிப்பது? ஆள் செத்துப்போயிருந்தால் உரித்துக்காரர் எல்லோரும் சேர வேண்டும். 2009-க்கு முந்தின உழவு இயந்திரங்கள், மோட்டார் சைக்கிள்களில் இது இன்னும் கொடுமை. புத்தகத்தில் பெயர் உள்ள பிள்ளை எங்கே என்றே தெரியாத வீட்டுக்குப் போய், பெயர் மாற்றித் தாருங்கள் என்று ஒருவர் கேட்டு நின்றபோது நானும் கூடப் போயிருந்தேன். அந்தத் தாய் புத்தகத்தின் பிரதியை வாங்கி, பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தோம். விற்றவன் அந்த வீட்டுக் கதையைச் சொல்லியிருந்தால் வாங்கினவர் தொட்டிருக்கவே மாட்டார்.

அடுத்தது லீசிங். வாகனம் லீசிங்கில் இருந்தால் புத்தகத்தில் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். உங்களிடம் காட்டுகிற கடதாசியை மட்டும் நம்பாதீர்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரம் பார்க்கலாம், திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பதிவேட்டில் இருந்து எடுத்த பிரதியையும் (எக்ஸ்ட்ராக்ட்) எடுக்கலாம். காட்டுகிற புத்தகமும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். "கடைசித் தவணை போன மாதமே கட்டியாச்சு" என்பார்கள். கட்டினது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கம்பனி கொடுக்கிற டிலீசன் லெட்டரைத் திணைக்களத்தில் கொடுத்துப் பெயரை எடுப்பிக்கும் வரை கம்பனிதான் அப்சலூட் ஓனர். அந்தக் கடிதம் கையில் வராமல் முழுக்காசையும் கொடுக்க வேண்டாம். லீசிங் ஓடிக்கொண்டிருக்கிறது, மிச்சத்தை நீங்கள் கட்டுங்கள் என்று வாகனத்தைக் கைமாற்றுகிற வழக்கமும் இங்கே இருக்கிறது. கம்பனிக்கே போய் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதாமல் அதைச் செய்ய வேண்டாம். நீங்கள் விற்றவரிடம் மாதாமாதம் காசைக் கொடுப்பீர்கள், அவர் கம்பனிக்குக் கட்டாமல் விடுவார், ஒரு நாள் பரந்தன் சந்தியில் வைத்துத் திறப்பை வாங்கிக்கொண்டு போவார்கள். தூக்குகிறவர்களிடம் உங்கள் ரசீதுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

இனி வரப்போவது காரைவிட உழவு இயந்திரம், டிப்பர், கன்ரர் என்கிற சின்ன லொறி வாங்குகிறவர்களுக்கு முக்கியம், ஆனால் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். மணல், மரம் ஏற்றிப் பிடிபட்ட வாகனங்கள். வழக்கு முடியும் வரை வாகனத்தை நீதிமன்றம் பதிவு உரிமையாளரின் பிணையில் விடுவிப்பது உண்டு. அப்படி வெளியே வந்த வாகனம் விற்பனைக்கு உரியதல்ல. வழக்கு முடிவில், முக்கியமாகக் காட்டு மரம் கடத்தின வழக்கில், அதை அரசுடைமை ஆக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் நெல் விற்ற காசில் உழவு இயந்திரமும் அது இழுக்கிற பெட்டியும் சேர்த்து வாங்கினார். விற்றவர் அவசரம் காட்டினார், விலையும் குறைவு. ஏழு மாதம் கழித்து நீதிமன்றம் வாகனத்தைக் கொண்டுவரச் சொன்னபோதுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது. வாங்கினவரின் காசைப் பற்றி அந்த வழக்கில் பேச இடமே இருக்கவில்லை. இதைப் பதிவேட்டில் மட்டும் பார்த்துத் தப்ப முடியாது. எந்த நீதிமன்றம் என்று தெரியாமல் வழக்கறிஞராலும் தேடுவது கஷ்டம். வாகனம் நின்ற ஊரில் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. அந்தச் சந்தியின் தேத்தண்ணிக் கடை, ரயர் ஒட்டுகிற இடம், பக்கத்து வீடு. ஊருக்குத் தெரியாமல் ஒரு உழவு இயந்திரம் பொலிஸில் ஒரு கிழமை நிற்காது. கார்தானே என்று விட வேண்டாம், கஞ்சா கடத்தலில் கார்களும் பிடிபடுகின்றன.

செஸி இலக்கத்தை நீங்களே கண்ணால் பாருங்கள். யப்பான் வேகன் ஆரில் அது மாடல் குறியோடு தொடங்கும், 2014 வாகனம் என்றால் எம்.எச்.34.எஸ். அல்லது எம்.எச்.44.எஸ். என்று இருக்கும். ரோச் பிடித்துப் பார்த்து, விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். சுற்றி உரசின அடையாளமோ வெல்டிங் கோடோ இருந்தால் அதோடு விட்டுவிட்டு வாருங்கள், பிறகு விலை பேசத் தேவையில்லை. எஞ்சின் இலக்கம் மாறியிருந்தால் அவ்வளவு பயம் இல்லை. ரீகண்டிஷன் எஞ்சின் போடுவது வழமைதான். ஆனால் மாற்றினதைப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும், ஏற்றித் தருவது விற்கிறவரின் வேலை.

சரி, 62,000-க்கு வருவோம். டிஜிட்டல் மீற்றரைக் குறைப்பது மடிக்கணினியோடு வருகிற ஒருவருக்குக் கொஞ்ச நேர வேலை. ஆகவே மீற்றரைப் பார்க்க முதல் கணக்குப் பாருங்கள். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போய் வர 130 கிலோமீற்றருக்குக் குறையாது. கிழமைக்கு ஒரு தரம் மனைவி வீட்டுக்குப் போனாலே வருடத்துக்கு 7,000 அளவில் வரும், பத்து வருடத்தில் 70,000. கடைச் சாமான், பிள்ளைகளின் ரியூசன், கொழும்புப் பயணம் ஒன்றும் இதில் சேரவில்லை. அதற்கு மேல், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களையே எல்லோரும் திருப்பித் திருப்பி ஓடினோம், வாங்கினோம், விற்றோம். 62,000 பொய் என்று நான் சொல்லவில்லை, வீட்டில் நின்ற வாகனங்களும் உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் விற்கிறவர். சேர்விஸ் பில்களைக் கேளுங்கள், லீசிங்குக்கு எடுத்த மதிப்பீட்டு அறிக்கை இருந்தால் மீற்றர் எண் குறித்திருக்கிறதா என்று பாருங்கள், திகதி வரிசையில் எண் ஏறிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். பிறேக் மிதியின் றப்பர், ஸ்டியறிங்கில் கை பிடிக்கிற இடம், சாரதி இறங்கும்போது உரசுகிற சீற்றின் வலது ஓரம் மூன்றும் பேசும். மூன்றும் தேய்ந்திருந்து மீற்றர் மட்டும் இளமையாக இருந்தால் மீற்றரை நம்பாதீர்கள். மூன்றும் புதிதாக இருந்தால் அதுவும் சந்தேகம்தான், மாற்றியிருக்கலாம். இது சாட்சி அளவுதான், தீர்ப்பு இல்லை. உண்மையைச் சொன்னால், நன்றாகச் சேர்விஸ் செய்த 1,40,000 ஓடின வேகன் ஆரை நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். இலக்கத்தைக் குறைத்தவர் வேறு எதைக் குறைத்தார் என்பதுதான் கவலை.

வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் பிழை விட்டிருக்கிறேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. அடுத்த வருடம் ஒரு ஆசிரியர் கொழும்புப் பக்க விற்பனை நிலையம் ஒன்றில் வாங்க இருந்த காரை என்னிடம் காட்டினார். எஞ்சின் அருமையாக இருந்தது, சரி என்றேன். மூன்று மாதத்தில் பவர் ஸ்டியறிங் விட்டு விட்டு வேலை செய்தது, பிறகு எயார் பாக் விளக்கு அணையவில்லை. கார்பெற்றைக் கழற்றினால் அடியில் பஞ்சு ஈரம், வயர் முனைகளில் செம்பு பச்சை பூத்திருக்கிறது. அந்த ஆசிரியர் என்னை ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எந்த வாகனம் வந்தாலும் முதலில் சீற் பெல்ற்றைத்தான் இழுப்பேன். முழுக்க, கடைசி முழம் வரை. மேலே உள்ள பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் உள்ள கடைசிப் பகுதியை ஒருவரும் கழுவுவதில்லை. அங்கே நீர்மட்டம் நின்ற இடத்தில் குறுக்காக ஒரு மங்கல் கோடு இருக்கும், பெல்ற் அந்த இடத்தில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மூக்கில் வைத்தால் குளத்து அடி மணம் வரும். ஆனால் பெல்ற்றையே மாற்றியிருக்கவும் கூடும், அதனால் பெல்ற்றின் அடியில் தைத்திருக்கிற துண்டில் வருடம் பாருங்கள். 2014 வாகனத்தில் அது வாகனத்தின் வயதோடு ஒத்துப்போக வேண்டும்.

எங்கள் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரவல் வீதியில் ஓடின வாகனத்துக்குள் எப்படியும் செம்புழுதி இருக்கும். அதைக் கண்டு வெள்ளம் என்று பயந்து நல்ல வாகனத்தை விட்டவர்களும் உண்டு. புழுதி மேலே படியும், ஊதினால் பறக்கும், கதவு றப்பர் ஓரம், டிக்கி ஓரம் என்று காற்று வருகிற வழியில் இருக்கும். வெள்ளச் சேறு மா மாதிரி நைசாக, மூடிக் கிடக்கிற இடங்களில் ஒட்டியிருக்கும். ஹெட்லைற்றுக்கு உள்ளே, பியூஸ் பெட்டியின் மூலையில், ஸ்பெயர் வீல் கிடங்கின் போல்ற் பள்ளத்தில், சீற் தண்டவாளத்தின் அடியில். நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும். சீற் தண்டவாளத்தில் துரு மட்டும் இருந்தால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் நின்ற வாகனத்துக்கு உப்புக் காற்றிலேயே அது வரும். இரண்டு மூன்று அடையாளம் சேர்ந்தால்தான் வெள்ளம் என்பேன். 2018 டிசம்பரில் இரணைமடு திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்றதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுக்கச் செய்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தத் திகதிகளில் இந்த வாகனம் எங்கே நின்றது என்று நேரே கேளுங்கள். பதில் வருகிற வேகத்தைக் கவனியுங்கள்.

அடிபட்ட வரலாறு. பொனற்றைத் திறந்து மட்கார்ட்டைப் பிடித்திருக்கும் போல்ற் தலைகளைப் பாருங்கள். கம்பனிப் பெயின்ற் உடையாமல் இருந்தால் அது கழற்றப்படவில்லை. உடைந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்க வேண்டும். ரேடியேற்றருக்கு முன்னால் உள்ள சட்டகத்தில் ஸ்பொட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக ஒழுங்காக இருக்கும், டிங்கர் செய்த, அதாவது தட்டி நிமிர்த்தின, இடத்தில் அந்த ஒழுங்கு வராது. கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைகள் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். பம்பர், கதவு உரசி டிங்கர் செய்தது எங்கள் நாட்டில் எல்லா வாகனத்துக்கும் உண்டு, அதற்காக விட வேண்டாம், விலையைக் குறையுங்கள். வாகனத்தின் சட்டகம் வளைந்து நிமிர்த்தினதுதான் வேண்டாம். முழு இன்சூரன்ஸ் ஓடினவர் என்றால் நட்டஈடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கிற நோ கிளெய்ம் போனஸ் எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்று கம்பனியிடம் எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அது அடிபடவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது, இன்சூரன்ஸில் கேட்கவில்லை என்பதற்குத்தான். ஆனால் அந்தக் கடிதத்தைக் கேட்டதும் சிலருக்குக் கதை மாறும்.

யப்பான் ஏலச் சீட்டை, அதாவது அங்கே ஏலம் விடும்போது வாகனத்தின் நிலையைக் குறித்த சீட்டை, பெரிதாகக் காட்டுவார்கள். செஸி இலக்கத்தைக் கொடுத்துப் பழைய சீட்டைக் காசுக்கு எடுத்துத் தரும் இணையச் சேவைகள் இருக்கின்றன. விற்கிறவர் தருகிற பிரதியை நம்பாமல் நீங்களாக எடுங்கள். 4, 4.5 என்பது தரம், ஆர் என்ற எழுத்து இருந்தால் சட்டகப் பகுதியில் திருத்தம் செய்தது. ஆர் இல்லை என்றால் ஒன்றுமே அடிபடவில்லை என்று அர்த்தம் இல்லை, கதவு, பம்பர் மாற்றினது அந்தக் கணக்கில் வராது. எப்படியிருந்தாலும் அது 2015-க்கு முந்தின கதை. அதற்குப் பிறகு பத்து வருடம் இங்கே ஓடியிருக்கிறது. அந்தச் சீட்டில் உங்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அன்றைக்கு மீற்றர் எத்தனையில் நின்றது என்பது. அங்கே 58,000 என்று இருந்தால் 62,000-ஐப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

வாகனத்தின் கணினியை வாசிக்கிற ஸ்கேனர் வைத்திருக்கிற ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். அறிவியல்நகர் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். பிழைக் குறிகள் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், குறிகளை அழித்த பின் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வாகனங்களில் அது வரும். 12 கிலோமீற்றர் என்று வந்தால் நேற்று இரவு யாரோ அழித்திருக்கிறார்கள். பற்றரி கழற்றினாலும் அப்படி வரலாம், ஆகவே கேட்டுப் பாருங்கள், பிறகு ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் போட்டுப் பாருங்கள்.

உங்கள் வேகன் ஆருக்கு நான் சொல்வது இது. இந்தக் கிழமை புரோக்கரை விட்டுவிட்டு, கடைக்காரரிடம் நேரே போய்ப் புத்தகப் பிரதியைக் கேளுங்கள். பெயர் அவருடையது என்றால் மேலே போகலாம். வேறு பெயர் என்றால், முதலில் உங்கள் பெயருக்கு மாறட்டும், அதுவரை சின்ன முற்பணம் மட்டும், அதுவும் இரண்டு சாட்சியோடு எழுத்தில். அவர் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இறக்குமதி திறந்த பிறகு வாகனம் வராத காலம் போய்விட்டது, இன்னொன்று கட்டாயம் கிடைக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற வாகனம், ஆனையிறவுக்கு நடுவில் மத்தியான வெயிலில் நிற்கக் கூடாது, ஆகவே வாகனத்தை நிறுத்தி வைத்து, எஞ்சினை அரை மணித்தியாலம் ஓட விட்டு, ஏசியையும் ரேடியேற்றரையும் பார்க்க வேண்டும், அதைப் பார்க்கிற இடத்தில் நானும் நின்றால் நல்லது. புத்தகம் சரிவந்தால் ஞாயிறு காலையில் கராச்சுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று மட்டும்: வருகிற அன்றைக்கு நீங்கள் போய்ச் சேரும் வரை எஞ்சினை யாரும் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்திருந்தால் நீங்களே திறப்பைப் போட்டு, முதல் பத்து விநாடி வருகிற சத்தத்தையும் பின்னால் வருகிற புகையையும் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்.